சங்குக்கு அடியில் வைத்த காகிதம்

எங்கள் ஆபீசில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மேசைமேல் இருக்கும் சங்கைப் பார்த்தால் போதும்.

தூத்துக்குடி பீச் ரோட்டில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் அது. முற்பகலில் மேற்கே தெருவாசல் வழியாக நுழையும் காற்று, நேராக ஓடி, கிழக்கே கடல் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியேறும். போகும்போது மேசைமேல் உள்ளதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும். அதனால் எல்லோரும் காகிதங்களின்மேல் ஆளுக்கொரு சங்கு வைத்திருந்தார்கள். சங்கு குளிக்கிற ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? பெரிய கிளார்க்கின் சங்கு தேங்காய் அளவு. அடுத்த நிலையில் இருந்த தோணிக் கிளார்க்கின் சங்கு மாங்காய் அளவு. எனக்குச் சங்கே கிடையாது. நான் தற்காலிக டைப்பிஸ்ட்.

அது சண்டைக் காலம். இருந்த டைப்பிஸ்ட் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. என் கணவரும் பட்டாளத்தில்தான், ஸ்டோர் கிளார்க்காக அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ இருந்தார். நாசரேத்தில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது கூடவே டைப்பும் படித்து வைத்தது இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. கைகொடுத்ததா, வம்பில் மாட்டிவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். என் கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுவேன், வீட்டில் அவனைப் பார்த்துக்கொண்டார். அவன் மைனியிடம் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தான், பசும்பாலைத் தவிர. பாலாடையில் கொடுத்தால் துப்புவான். பாட்டிலில் கொடுத்தால் பாட்டிலைத் தள்ளிவிடுவான். ஆகவே பெரிய கோவில் என்று நாங்கள் சொல்லும் மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு, பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மற்றவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது ஒரு மணிக்கு. இந்த ஏற்பாடு பெரிய கிளார்க் வாயால் சொன்னது, அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுத்தில் வந்தால் ஆபீசின் வெள்ளைக்காரத் துரையிடம் போகும். துரை ரூல் புஸ்தகத்தைத் திறப்பார். ரூல் புஸ்தகத்தில் பிள்ளை கிடையாது. அந்த அரைமணி நேரம் போனால் என் வேலை போனது என்று அர்த்தம்.

அந்த அரைமணியைப் பறிக்கக்கூடியவர் என்று நான் முதல் வாரமே முடிவு கட்டிய ஆள் தோணிக் கிளார்க். ஆலந்தலைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிகள் எப்போது போயின, எப்போது வந்தன என்று எழுதுவது அவர் வேலை. என் நாற்காலியைத் தன் தங்கை மகனுக்குக் கேட்டிருந்தாராம். அது கிடைக்காத கோபமோ என்னவோ, நான் மும்முரமாக டைப் அடிக்கும் நேரம் பார்த்து எழுந்து வருவார். என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் படாரென்று திறப்பார். நான் அடித்து அடுக்கிய காகிதம் எல்லாம் அவர் இடுப்பைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போகும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டி வெளியே ஏதோ பார்ப்பார். பிறகு போய் உட்கார்ந்துவிடுவார். நான் ஜன்னலைச் சாத்துவேன். கால்மணி கழித்து மறுபடி வருவார்.

சண்டை போட எனக்கு வராது. கூட வேலை பார்ப்பவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் நம்மிடம்தான் ஏதோ குறை இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தவள் நான். ஆகவே அன்பால் வெல்வது என்று தீர்மானித்து, படிப்படியாக ஆரம்பித்தேன்.

முதல் படி, காலையில் அவரைப் பார்த்ததும் நானாகச் சிரிப்பது. மூன்று நாள் சிரித்தேன். நாலாவது நாள் அவர் என் மேசை அருகே நின்றார்.

“நாசரேத்தம்மா, பல்லு வலிக்கோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“பொறவு எதுக்குக் காலையிலேயே பல்லக் காட்டுதிய?”

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மைனி கேட்டார், “ஏளா, இன்னைக்கும் சிரிச்சியா? என்ன சொன்னான்?”

“கிராம்பு எண்ணெய் வைக்கச் சொல்லுதாரு மைனி.”

இரண்டாவது படி, ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நம் காகிதத்தை நாமே காப்பாற்றிக்கொள்வது. வீட்டில் இஞ்சி நசுக்கும் கல்லை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். காகிதம் பறக்கவில்லை. ஆனால் துரைக்குப் போன கடிதமெல்லாம் இஞ்சி மணந்தது. துரை ஒன்றை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டு, கொச்சியிலிருந்து இஞ்சிச் சரக்கு எதுவும் வந்து இறங்கியிருக்கிறதா என்று பெரிய கிளார்க்கைக் கேட்டாராம். நான் கல்லை இன்னொரு தடவை கழுவி வைத்தேன்.

மூன்றாவது படி, முந்திரிக்கொத்து. கருப்பட்டிப் பாகு வைத்து, பயறு வறுத்து, என் கையாலேயே செய்து, சனிக்கிழமைதோறும் ஒரு தூக்கில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவரும் “நல்லது” என்று வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் இப்படிப் போயிற்று. ஜன்னல் மட்டும் வழக்கம்போல் திறந்தது. ஏழாவது வாரம் பெரிய கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, போன வாரத்துக் கொத்து கொஞ்சம் இறுகிப்போச்சே. பாகு முத்திட்டோ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோணிக் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன்.

“எனக்கு நீரிழிவுல்லா. இனிப்பக் கண்ணால பாக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் அவருக்குக் குடுத்துட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே அண்ணாச்சி!”

“நீங்க கேக்கலியே.”

ஆறு வாரமாக ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்ற நினைப்பிலேயே அன்றைக்கு ஒரே கடிதத்தை நாலு தடவை அடித்தேன்.

இதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லவேண்டியதைக்கூட எழுதி, பெரிய கிளார்க்கின் மேசையில் உள்ள தட்டில், அவருடைய பெரிய சங்குக்கு அடியில் வைக்கவேண்டும். ஓரத்தைத் தூக்கிச் செருகத்தான் நமக்கு உரிமை. சங்கை எடுக்கும் உரிமை அவர் ஒருவருக்கே. அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு வருவார். காலையில் வந்ததும் சங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு அதன் அடியில் உள்ள காகிதங்களை எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு, அடியில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் படித்து உத்தரவு எழுதுவார். சங்குக்கு அடியில் போன காகிதம் உத்தரவு இல்லாமல் வெளியே வராது. வைத்தவர் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

அன்று சாயங்காலம் புறப்படும்போது அந்தத் தட்டைக் கடந்து போனேன். தோணிக் கிளார்க்கின் சாய்ந்த எழுத்தில் ஒரு காகிதம். மேல் ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் “டைப்பிஸ்ட்” என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. மீதியெல்லாம் சங்குக்கு அடியில்.

எழுதிவிட்டார். பன்னிரண்டு மணி விஷயத்தை எழுதியேவிட்டார்.

அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் அவர் எழுத நிறைய இருந்தது. அரைமணி என்று சொன்னேனே தவிர, நான் பல நாள் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். எழுப்பினால் அழுவான், எழுப்பாவிட்டால் வாயை எடுக்கமாட்டான். இதையெல்லாம் எதிரி வாயால் கேட்பதைவிட நாமே முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டுவிட்டால் மரியாதையாக இருக்கும், ஒருவேளை இரக்கமும் பிறக்கும் என்று தோன்றியது. மைனியிடம் சொன்னேன்.

“அந்தக் காயிதத்துல என்ன இருக்குன்னு நீ படிச்சியா?”

“இல்ல மைனி.”

“படிக்காத காயிதத்துக்கா பதில் எழுதப் போற? நல்லாப் படிச்ச பிள்ள போ!”

மைனி சொன்னது சரிதான். ஆனால் அவர் என்னைப்போல் டிரெயினிங் ஸ்கூலில் ஒழுங்கு கற்றவர் இல்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாசல் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து அடித்தேன். ஒரே தாளில் முன்னும் பின்னுமாக ஒன்றரைப் பக்கம் வந்தது. அரைமணியைத் தாண்டியது பதினோரு நாள் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொல்வது பொய்யைவிட மோசம் அல்லவா? கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டு மறைத்ததை எழுதினேன். இஞ்சி வாசம் என்னால் வந்தது என்று எழுதினேன். தோணிக் கிளார்க்கின் சங்கு அவர் கால்மேல் விழவேண்டும் என்று மனதில் விரும்பியதையும், விரும்பியது இரண்டு முறை என்பதையும் எழுதினேன். ஆபீஸ் முறைப்படி மூன்று காப்பி எடுத்தேன். முதல் காப்பியைப் பெரிய சங்குக்கு அடியில், எல்லாவற்றுக்கும் மேலாகச் செருகினேன். ஒன்று என் ஃபைலுக்கு. சம்பந்தப்பட்டவருக்கு ஒன்று கொடுக்கவேண்டும் என்பது முறை. ஆகவே மூன்றாவதைத் தோணிக் கிளார்க்கின் சங்குக்கு அடியில் வைத்தேன்.

அவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். உட்கார்ந்தார். எடுத்தார். உதடு அசையப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“நாசரேத்தம்மா, இது என்னது?”

“காப்பி அண்ணாச்சி. உங்களப் பத்தி வருதுல்லா.”

“எஞ்சங்கு எங்கால்ல விழணும்னு நெனச்சியளா?”

“ரெண்டு தடவைதான்.”

“எந்தக் கால்ல?”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“எங்க கோவில்ல பாவசங்கீர்த்தனம்னா செஞ்ச பாவத்தச் சாமியாரு காதுல மெள்ளச் சொல்லுவோம். நீங்க என்னன்னா டைப் அடிச்சு மூணு காப்பி எடுக்கிய! இப்ப எதுக்கு இத எழுதினிய?”

“நீங்க என்னப் பத்தி எழுதி வச்சிருக்கியளே. பன்னெண்டு மணி விஷயமா.”

“நானா? நான் ஒங்க மேசையப் பத்தில்லா எழுதுனேன்!”

பிறகுதான் சொன்னார். தோணி எது, யாருடையது என்று பாய்மரப் பாயில் போட்டிருக்கும் ஒட்டுத்துணியைப் பார்த்தே அவருக்குத் தெரியும். கரைக்கு வந்து ஆள் சொல்வதற்கு முன்னால் அவர் எழுதி முடித்திருப்பார். பழைய டைப்பிஸ்ட் இருந்தபோது என் மேசை சுவர் ஓரமாக இருந்ததாம். நான் வந்தபோது யாரோ, பெண் பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டுமென்று, ஜன்னலை மறைத்துப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் எழுந்து வந்து, கழுத்தை நீட்டி, வடக்கே போகும் வரும் தோணிகளைப் பார்க்கவேண்டியதாயிற்று.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே நகந்திருப்பேனே!”

“பொம்பளப் பிள்ள உக்காந்திருக்க எடத்துல போயி, எழும்பும்மான்னு நான் எப்படிச் சொல்ல? அதான் மரியாதையா எழுதி வச்சேன்.” சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “இத எங்கன வச்சிருக்கிய? முதல் காப்பிய?”

நான் பெரிய சங்கைக் காட்டினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். இரண்டு பேரும் தட்டுக்கு அருகில் போய் நின்றோம். என் காகிதத்தின் ஓரம் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பெரிய கிளார்க் வந்துவிட்டார்.

சங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். காகிதங்களை எண்ணினார். “ஏழு” என்றார் தனக்குத்தானே. பிறகு பேனா, மை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, வெற்றிலை போட்டு, துரையின் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்க எப்போதும் பதினொன்றரை ஆகிவிடும். அதுவரை நான் என்ன அடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அடியில் இருந்து முதல் காகிதத்தை உருவினார். தோணிக் கிளார்க்குடையது. படித்தார்.

“இதுக்கெல்லாமா ஒரு காயிதம்? வாயால சொன்னா ஆகாதாவே? மேசைய நவுத்துங்க!”

தோணிக் கிளார்க் உடனே எழுந்தார். எனக்கு அவர் சுறுசுறுப்பு பிடிபடவில்லை. என் மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது பெரிய கிளார்க்கின் மேசையில் போய் இடித்தது.

“அண்ணாச்சி, ஒங்க மேசைய ஒரு முழம் ஒதுக்கினாத்தான் இது போவும். சங்க மட்டும் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க. நாங்க தொடப்படாதுல்லா.”

பெரிய கிளார்க்குக்கு அந்தப் பணிவு பிடித்திருந்தது. தோள் துண்டை விரித்து, சங்கை இரண்டு கையாலும் அதில் எடுத்து, பிள்ளையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தோணிக் கிளார்க் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு போய்ப் படாரென்று திறந்தார்.

மூன்று மாதமாக நான் சபித்த காற்று தெருவாசல் வழியாக உள்ளே வந்தது. தட்டில் இருந்த அத்தனையும் எழும்பி, பெரிய கிளார்க் படித்து மேசைமேல் வைத்திருந்த தோணிக் கிளார்க்கின் காகிதத்தையும் சேர்த்துக்கொண்டு, வரிசையாக ஜன்னலைத் தாண்டிப் போயிற்று.

“பிடிங்க! பிடிங்க!” என்று கத்தினார் பெரிய கிளார்க். அவரால் பிடிக்க முடியாது. இரண்டு கையிலும் சங்கு.

நானும் தோணிக் கிளார்க்கும் வெளியே ஓடினோம். ஆபீசுக்குப் பின்னால் மணலில் வலை காயப்போட்டிருந்தார்கள். ஐந்து காகிதம் அதில் மாட்டியிருந்தது. ஒன்று மணலில் கிடந்தது. ஏழாவதை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. என்னுடையதுதான். “மிகவும் வருந்துகிறேன்” என்று முடித்திருந்த கடைசி வரி வாய்க்கு வெளியே தொங்கியது.

என் முதல் எண்ணம் அதைப் பிடுங்குவது. தோணிக் கிளார்க் குறுக்கே வந்து, ஆட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வேட்டியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்கன என்னவே?” என்று ஜன்னலில் இருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆடு.”

“ஆடு என்ன செய்யுது?”

“ஆடு ஆட்டு வேலையச் செய்யுது.”

“டைப் மை ஆட்டுக்கு ஆகுமா அண்ணாச்சி?” என்று நான் மெல்லக் கேட்டேன்.

“முதல் காப்பிதானம்மா. கார்பன் கெடயாது. செமிச்சிரும்.”

ஆறு காகிதத்தோடு உள்ளே போனோம். பெரிய கிளார்க் சங்கை இறக்கி வைக்காமலே எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஏழுல்லா இருந்துது?”

“ஆறுதான் இருந்திருக்கும்,” என்றார் தோணிக் கிளார்க்.

பெரிய கிளார்க் என் பக்கம் திரும்பினார். “ஒங்களுது ஏதும் இதுல இருந்துதா அம்மா?”

பொய் சொல்லக்கூடாது. உண்மை சொன்னால் மறுபடி எழுதிக் கொடு என்பார். எழுதிக் கொடுத்தால் அது துரையிடம் போகும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரம் பெரிய கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

“சரி சரி, மணியடிச்சாச்சு. பிள்ள அழுவான், போங்க,” என்றார் பெரிய கிளார்க், சங்கைத் தட்டில் வைத்துக்கொண்டே.

அன்றைக்கு வீடு வரைக்கும் ஓடினேன். மைனி கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், “ஆடு நல்லாருக்கா?” அந்தக் கவலை எனக்கும் இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வேறு ஏதோ ஆபீஸ் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அதன்பிறகு நாங்கள் இருவரும் சிநேகிதமாகிவிட்டோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. என் மேசை சுவர் ஓரம் போனது. டைப் சத்தம் இப்போது நேரே தன் காதுக்குள் அடிக்கிறது என்று அவர் குறைபட்டார். அவர் மூக்குப்பொடித் தும்மலில் என் வரி கோணுகிறது என்று நான் குறைபட்டேன். ஆனால் எழுதி வைக்கவில்லை, வாயாலேயே சொல்லிக்கொண்டோம். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டால் அவர் சட்டைப் பையைத் தட்டி, “காப்பி இருக்கு, பாத்துக்கிடுங்க,” என்பார். திரும்பக் கேட்டும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நான் எழும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வார். “இன்னும் கடல் காத்து திரும்பல. ஒரு தோணியும் பாய் விரிக்கல. மெள்ள வாங்க.” பன்னிரண்டுக்கு மேல், தோணிகள் கரைக்கு வரும்வரை எனக்கு டைப் அடிக்க ஒன்றும் வராது என்பது அதுவரை எனக்கே தெரியாது. காற்று சீக்கிரம் திரும்பிய நாட்களில், “இன்னைக்குப் பிள்ளைய உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்க,” என்று அவசரப்படுத்துவார்.

சண்டை முடிந்து பழைய டைப்பிஸ்ட் திரும்பி வந்தார். நாற்காலி அவருடையது. என் கடைசி நாள் சாயங்காலம் தோணிக் கிளார்க் என் இஞ்சிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். எலுமிச்சங்காய் அளவில் ஒரு சங்கு. சுற்றியிருந்த தாள் என் காப்பி.

அதில் சிவப்பு மையில் திருத்தம் போட்டிருந்தார். சங்கு கால்மேல் விழ விரும்பினேன் என்ற இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் “இடதா, வலதா? விளக்கம் தேவை” என்று எழுதியிருந்தார். பதினோரு நாள் தாமதம் என்று நான் அடித்திருந்ததை வெட்டிவிட்டு, பதினேழு என்று திருத்தி, பக்கத்தில் தேதிகளும் நிமிஷங்களும் குறித்து, சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாத் தேதியும் அந்த ஆடு தின்ற நாளுக்கு முந்தியவை. ஒன்றுகூட அப்போது பெரிய சங்குக்கு அடியில் போகவில்லை.

நான் பழைய காலண்டரை எடுத்து, பிள்ளைக்குப் பல் முளைத்த வாரம், சளி பிடித்த வாரம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எண்ணிப் பார்த்தேன். பதினேழுதான்.